திதி சொல்லும் கணினி

தம் பெற்றோருக்குரிய திதியைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும் வழக்கம் மெய்யன்பர்களிடையே இன்று பரவியுள்ளது. அவ்வாறு பார்ப்போருக்கு ஓர் ஐயம் அடிக்கடி எழுகிறது. ஒரு செயலி செவ்வாய்க்கிழமை என்கிறது. மற்றொன்று புதன்கிழமை என்கிறது. சுவரில் தொங்கும் நாட்காட்டியோ இரண்டுக்கும் இடமளிப்பதுபோல் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தந்தையாரை நினைந்து ஆற்றும் கடன் நாள் தவறிப் போய்விடுமோ என்று மனம் கலங்குவது இயல்பே. கணினி பிழையாகக் கணக்கிடுவது அரிது. நாம் கேட்கும் கேள்விக்கு அது விடை சொல்லுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் மறைந்திருக்கும் வேறு சில கேள்விகளை அது நம்மிடம் கேட்பதில்லை. அவை எவை என்பதை அறிந்துகொண்டால் கலக்கம் பெரும்பாலும் தீரும்.

எல்லா நாளும் ஓர் எண்

ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கொல்லம் ஆண்டு, ஹிஜ்ரி என நாட்காட்டிகள் பல. ஒன்றை மற்றொன்றாக நேரே மாற்றும் விதிகளை எழுதப் புகுந்தால் முடிவே இராது. ஆகவே மென்பொருள் வல்லுநர்கள் ஓர் எளிய வழியைக் கைக்கொள்கின்றனர். ஏதேனும் ஒரு தொடக்க நாளிலிருந்து இன்று வரை சென்ற நாள்கள் எத்தனை என்று ஒரே எண்ணாக்கிக்கொண்டு, அவ்வெண்ணிலிருந்து வேண்டிய நாட்காட்டிக்கு இறங்குவது என்பதே அவ்வழி. மேலை நாட்டு வானியலார் கி.மு. 4713 சனவரி 1 நண்பகலிலிருந்து எண்ணுகின்றனர்; இதனை ஜூலியன் நாள் எண் என்பர். இன்றைய கணினிகள் பலவும் 1970 சனவரி 1 முதல் சென்ற நொடிகளை எண்ணுகின்றன.

இவ்வழி நமக்குப் புதியதன்று. நம் பஞ்சாங்கக் கணிதர்கள் கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் சென்ற நாள்களை எண்ணி, அதனைக் கலிதினம் என்றும் அகர்கணம் என்றும் வழங்கி வந்துள்ளனர். கணினியின் எண்ணுக்கும் கலிதினத்துக்கும் உள்ள வேறுபாடு தொடக்க நாள் மட்டுமே. ஒரு கூட்டலோ கழித்தலோ செய்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்று சென்ற கலிதினம் 18,43,947. கலியுகம் வெள்ளிக்கிழமையில் பிறந்தது. 18,43,947 என்னும் எண்ணை ஏழால் வகுத்தால் மீதி ஒன்றுமில்லை. ஆகவே அன்றும் வெள்ளிக்கிழமை. இனி அதே எண்ணை ஆரியபடர் கூறிய ஆண்டளவாகிய 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடியால் வகுத்தால், 5048 ஆண்டுகள் நிறைந்து 121 நாள்கள் எஞ்சுகின்றன. சூரியன் சீரான வேகத்தில் செல்வதாகக் கொண்ட கணக்கு இது. மெய்யான சூரியனுக்காக இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட திருத்தம் சேர்த்தால் சித்திரை பிறந்து 123 நாள்கள் சென்று, 124-ஆம் நாள் நடக்கிறது என்றாகும். அவ்வாண்டில் சித்திரை, வைகாசி, ஆனி மூன்றுக்கும் 94 நாள்கள். எனவே அன்று சர்வசித்து ஆண்டு ஆடி மாதம் 30-ஆம் நாள். விடுதலை நாள் ஓர் ஆடி வெள்ளியாக அமைந்தது என்பதை ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த எவரும் சரிபார்த்துவிடலாம்.

ஆண்டின் பெயரைக் காண்பது இன்னும் எளிது. 1987 சித்திரையில் பிரபவ ஆண்டு பிறந்தது. அதிலிருந்து அறுபதுக்கு ஒருமுறை பெயர்கள் சுழல்கின்றன. இதற்குக் கணினியே வேண்டியதில்லை.

மாதம் பிறக்கும் நாள் மட்டும் சற்று நுட்பமானது. சூரியன் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் புகும் கணமே சங்கராந்தி. அக்கணம் சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப்பிறப்பு. மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு முறை. கேரளத்தில் உதயத்திலிருந்து பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்குக்குள் நிகழ்ந்தால்தான் அன்று. 2023-ஆம் ஆண்டில் மேட சங்கராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில் நிகழ்ந்தது. நாம் அன்றே சித்திரைப் பிறப்பைக் கொண்டாடினோம். மலையாள நாட்டினர் 15-ஆம் நாள் விஷுவைக் கொண்டாடினர். வானத்தில் நிகழ்ந்தது ஒன்றே, விதி இரண்டு. இவ்விரண்டில் எதனை நிரலில் எழுதியிருக்கிறார்கள் என்பதைச் செயலி நமக்குச் சொல்வதில்லை.

திதியும் இரு கணிதங்களும்

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோண வேறுபாடு. இருவரும் ஒரே பாகையில் கூடுவது அமாவாசை முடியும் கணம். அங்கிருந்து சந்திரன் பன்னிரண்டு பாகை முன்செல்லும்தோறும் ஒரு திதி நிறைகிறது. சந்திரன் பூமியை அணுகும்போது விரைந்தும் விலகும்போது மெல்லவும் செல்வதால், ஒரு திதி சில வேளை 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். சில வேளை 26 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். ஆகவே திதிக்கு எளிய வகுத்தல் கணக்கு உதவாது. சந்திரன் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தாக வேண்டும்.

அதை அறிய நம்மிடம் இரு வழிகள் உள்ளன. முதலாவது வாக்கியம். சந்திரனின் வேக மாற்றம் ஏறத்தாழ 248 நாள்களில் ஒன்பது சுற்று நிறைந்து மீண்டும் தொடக்க நிலையை எய்துகிறது. அந்த 248 நாளுக்கும் சந்திரன் செல்லும் தொலைவை 248 சிறு சொற்றொடர்களாக்கி, எழுத்துக்கு ஓர் எண்ணாகக் கொள்ளும் கடபயாதி முறையில் அமைத்து மனனம் செய்தனர் முன்னோர். 1825-இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலித’ என்னும் நூலில் ஜான் வாரன் என்னும் அதிகாரி இதுபற்றி ஓர் அரிய செய்தியைப் பதிவு செய்துள்ளார். புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தி, மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். கிரகணம் பற்றும் நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடமே வேறுபட்டது. நடுப்பகுதியில் 23 நிமிடமும் விடும் நேரத்தில் 52 நிமிடமும் வேறுபட்டன. அட்டவணையை நினைவில் வைத்து, எண்ணை எடுத்து, கூட்டி, திருத்தி விடை காணும் இம்முறை இன்றைய நிரலின் போக்கையே கொண்டது. வேறுபாடு சோழிக்கும் சில்லுக்கும்தான்.

இரண்டாவது திருக்கணிதம். தொலைநோக்கியாலும் பிற கருவிகளாலும் இக்காலத்தில் கண்டறிந்த கோள் நிலைகளைக் கொண்டு கணிப்பது இது. மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை அளித்தது. அதன் வழியில் நடுவண் அரசின் இராஷ்ட்ரீய பஞ்சாங்கம் வெளிவரலாயிற்று. கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் திருக்கணிதத்தையே கையாள்கின்றன. ஏனெனில் கோள் நிலைகளைத் தரும் ஆயத்த மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. தமிழகத்துத் திருக்கோயில்கள் பலவோ வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. செயலியும் கோயில் அறிவிப்பும் ஒவ்வாமல் போவதற்கு முதற்காரணம் இதுவே. சனிப்பெயர்ச்சியில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றும். சனி பகவான் கும்ப இராசிக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. திருநள்ளாற்றுத் திருக்கோயிலில் வாக்கியப்படி விழா நிகழ்ந்தது 2023 டிசம்பர் 20 அன்று. திதியில் இத்துணை வேறுபாடு இல்லை. சில மணி நேரம்தான். ஆயினும் நாளை மாற்றிவிட அது போதும்.

அயனாம்சம் பற்றியும் சிலர் வினவுகின்றனர். ஆயத்த மென்பொருள்கள் கோள்களின் நிலையை முதலில் வசந்த விசுவப் புள்ளியிலிருந்து தருகின்றன. நம் இராசிச் சக்கரத்துக்கு வர, அதிலிருந்து இக்காலத்தில் ஏறத்தாழ 24 பாகையைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில் இலாகிரி, கிருஷ்ணமூர்த்தி, இராமன் எனப் பல கொள்கைகள் உள்ளன. இலாகிரிக்கும் இராமனுக்கும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வேறுபாடு. அதைக் கடக்கச் சந்திரனுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். எனவே பிறந்த நட்சத்திரம் எல்லையில் இருந்தால் மாறிவிடக்கூடும். ஆனால் திதிக்கு இந்தத் தொல்லையே இல்லை. சந்திரனிடமிருந்தும் சூரியனிடமிருந்தும் ஒரே அளவைக் கழித்தால் இடையேயுள்ள வேறுபாடு மாறாதன்றோ! இரண்டு திருக்கணிதச் செயலிகள் ஒரே திதிக்கு வெவ்வேறு நாளைக் காட்டினால், அயனாம்சத்தை ஐயுற வேண்டா. ஊரையோ விதியையோதான் ஆராய வேண்டும்.

எந்த வேளையில், எந்த ஊரில்

நாட்காட்டியில் ஒரு நாளுக்கு அச்சிடும் திதி, அன்று சூரியன் உதிக்கும்போது உள்ள திதி. வழிபாடுகளோ எல்லாம் உதயத்தைப் பொறுத்தவை அல்ல. பிரதோஷத்துக்கு மாலையில் திரயோதசி இருத்தல் வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும் வேளை. மகா சிவராத்திரிக்கு நள்ளிரவு. சிராத்தத்துக்கு உரியது அபராஹ்ன காலம். பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்தால் அதில் நான்காம் பகுதி அது. காலை ஆறுக்கு உதயமும் மாலை ஆறுக்கு அத்தமனமும் ஆனால், பகல் 1.12 முதல் 3.36 வரை.

இதன் விளைவைச் சிந்திப்போம். நவமி திதி செவ்வாய் காலை 10 மணிக்குத் தொடங்கிப் புதன் காலை 9 மணிக்கு முடிகிறது எனக் கொள்வோம். நாட்காட்டியில் செவ்வாய்க்கு ‘அஷ்டமி காலை 10.00 வரை’ என்றும், புதனுக்கு ‘நவமி காலை 9.00 வரை’ என்றும் இருக்கும். நவமி என்ற சொல்லை மட்டும் கண்டு புதனன்று சிராத்தம் வைப்போர் உளர். அன்று பிற்பகலில் நவமியே இல்லை. செவ்வாய்ப் பிற்பகலில்தான் உள்ளது. ‘இன்றைய திதி’ என்று ஒற்றைச் சொல்லைக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் உதயத் திதியையே காட்டுகின்றன. சிராத்தத்துக்கென்று தனியே நாள் காட்டும் செயலிகள்தாம் அபராஹ்னத்தைப் பார்க்கின்றன. அன்பரைக் கலங்கவைத்த செவ்வாயும் புதனும் பல வேளைகளில் இப்படித்தான் பிறக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. சூரிய மாதம் 32 நாள் வரை நீளும். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையே 30 நாள்கூட இல்லை. ஆதலின் ஒரே தமிழ் மாதத்தில் ஒரே திதி இருமுறை வருவதுண்டு. செயலி இரண்டையும் காட்டும். எதனைக் கொள்வது என்பதைக் குல வழக்கறிந்த பெரியோரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

அயல்நாட்டில் வாழும் மக்களுக்கு ஊரைப் பற்றிய கவனம் மிகத் தேவை. திதி முடியும் கணம் உலகம் முழுமைக்கும் ஒன்றே. அப்போது கடிகாரம் காட்டும் மணிதான் ஊருக்கு ஊர் வேறு. ஒரு திதி இந்திய நேரப்படி செவ்வாய் மாலை 5 மணி முதல் புதன் மாலை 5 மணி வரை நிற்கிறது என்க. சென்னையில் சிராத்தம் புதன்கிழமை. கோடைக்கால நியூயார்க்கில் அதே திதி செவ்வாய் காலை 7.30 முதல் புதன் காலை 7.30 வரை நிற்கும். அங்கு வாழும் மகனுக்குச் சிராத்த நாள் செவ்வாய். ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் சொன்ன நாளும் மகனின் செயலி காட்டிய நாளும் வேறாயின், இருவருமே சரியாகச் சொல்லியிருக்கக்கூடும்.

கடிகாரமே மாறிய காலங்களும் உண்டு. இந்தியப் பொது நேரம் 1906 சனவரி 1 முதல் வழக்குக்கு வந்தது. அதற்குமுன் வழங்கிய சென்னை நேரம் அதனினும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியா முழுதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டன. அக்காலத்தில் ‘காலை 6.30’ என்று குறித்த பிறப்பு, இன்றைய கணக்கில் காலை 5.30. இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிக்கொன்றாக மாறுவது. ஆகவே ஒரு மணி நேரப் பிழை சிறிதன்று. அக்காலத்தில் மறைந்தோரின் திதிக்கும் இது பொருந்தும். கொழும்பில் 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே வைத்து, அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றினர். சிங்கப்பூர் 1982 சனவரி 1 அன்று அரை மணி முன்னே சென்றது. இம்மாற்றங்களையெல்லாம் தொகுத்துக் கணினிகளுக்கு வழங்கும் உலக நேர வலயத் தரவுத்தொகுப்பு ஒன்று உள்ளது. நல்ல மென்பொருள் அதனைப் பார்த்துக்கொள்ளும். ஐந்தரை மணியை மட்டும் நிரந்தரமாக எழுதிவைத்த மென்பொருள் பார்த்துக்கொள்ளாது. 1943-ஆம் ஆண்டின் நாள் ஒன்றை உள்ளிட்டு, உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வேறுபாடு ஆறரை மணி என்று அது காட்டுகிறதா எனச் சோதிக்கலாம்.

உதயாதி நாழிகையில் எழுதிய பழைய சாதகக் குறிப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை. சூரிய உதயத்தை எந்த அரசாணையும் முன்னே வைக்க இயலாது. ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. ‘உதயாதி நாழிகை 12, விநாடி 30’ என்றிருந்தால் உதயத்திலிருந்து ஐந்து மணி நேரம். அன்று அவ்வூரில் உதயம் 6.10 எனில் பிறப்பு காலை 11.10. இங்கே ஒரு சொல் மயக்கம் நேர்வதுண்டு. நாழிகைக் கணக்கின் விநாடி 24 நொடி கொண்டது. இன்று பேச்சில் விநாடி என்பது ஒரு நொடியையே குறிக்கிறது. 30 விநாடியை அரை நிமிடம் என்று கொண்டு கணினியில் இட்டால் விடை ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் பிழைபடும்.

பழங்காலத் தேதிகளை மாற்றும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. இன்றைய ஆங்கில நாட்காட்டி 1582-இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 எனக் கொண்டனர். ஆங்கிலேயர் இதனை 1752-இல்தான் ஏற்றனர். இதையறியாத மென்பொருள் இராசராச சோழர் காலத்து நாளொன்றை, வரலாற்று நூல்கள் வழங்கும் தேதியினின்றும் ஐந்து அல்லது ஆறு நாள் தள்ளிக் காட்டும். கோயிற்சுவர்க் கல்வெட்டுகளில் மன்னரின் ஆட்சியாண்டும் மாதமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து வரும்; அவையனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாளைத் தேடுவதற்காகவே திவான் பகதூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களுக்கு அட்டவணை அமைத்து 1922-இல் வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் செய்த அவ்வுழைப்பு வியப்புக்குரியது. இன்று அலுவலகங்களில் பயன்படும் எக்செல் மென்பொருளோ, இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐ இருந்ததாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது!

ஆகவே மறைந்தோரின் திதியைச் செயலியில் காண விழையும் அன்பர்கள் முதலில் மறைந்த ஊர், ஆங்கிலத் தேதி, கடிகார நேரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்க. பஞ்சாங்க நாள் உதயம் முதல் உதயம் வரை. கணினியின் நாளோ நள்ளிரவில் மாறும். செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு நிகழ்ந்ததை வீட்டில் ‘திங்கள் இரவு’ என்பர். கணினியில் செவ்வாயின் தேதியைத்தான் இடவேண்டும். திங்களின் தேதியை இட்டால் ஒரு திதி முன்னே போய்விடும். அமைப்புப் பக்கத்தில் வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டிருந்தால், குடும்பத்தில் வழங்குவதைத் தேர்க. முதல் ஆண்டில் எந்தக் கணிதத்தைக் கொண்டு திதி குறித்தார்களோ, அதனையே ஆண்டுதோறும் கொள்வது வழக்கம். ஆண்டுதோறும் நாளைத் தேடும்போது, சிராத்தம் செய்யும் ஊரை உள்ளிடுக. மறைந்த ஊரை அன்று. கிடைத்த நாளில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு எந்தத் திதி நிற்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டு, புரோகிதரிடம் அந்நாளைத் தெரிவிக்கலாம்.